பெட்டியில் போட்ட சீட்டு

ஆம்பூர்
நவம்பர் 18

அன்பு மகள் அக்சாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் நன்றாக இருக்கிறாய் என்பதை நீ அப்பாவிடம் போனில் பேசும்போது சமையலறையில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். என் செய்திகளை நீ திறப்பதில்லை, பார்சல் என்றால் திறப்பாய் என்று அப்பா சொன்னதால் இதை அதற்குள் வைக்கிறேன். இங்கே மழை விட்டுவிட்டது, பாலாற்றில் தண்ணீர் போகிறது, ஜனங்கள் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். அப்பாவுக்கு பி.பி. மாத்திரை மாற்றியிருக்கிறார்கள், புதியது இன்னும் சின்னது, மறப்பதற்கு அவருக்கு வசதியாகப் போயிற்று. அயர்லாந்து குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நீ என்னோடு பேசி பதினோரு வாரம் ஆகிறது. காரணம் எனக்குத் தெரியும், ஆனாலும் நடந்ததை ஒரு தடவை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். ஆகஸ்டில் நீ பஸ் நிறுத்தத்தில் இருந்து பேசினாய், இரண்டு மாதமாகச் சபைக்குப் போகவில்லை, போகத் தோன்றவில்லை, ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன், யாரிடமும் சொல்லாதேம்மா, அப்பாவிடம்கூட என்றாய். நான் சரி என்றேன். அந்த வாரமே ஜெப விண்ணப்பச் சீட்டில், அயர்லாந்தில் இருக்கும் என் மகள் அக்சா பின்வாங்கிப் போனாள், அவள் திரும்பி வர ஜெபிக்கவும் என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். போதகர் மட்டும் படிப்பார் என்று நினைத்ததாகச் சொன்னால் அது பொய், இருபது வருடமாக அந்தச் சீட்டுகளை மைக்கில் வாசிப்பதை நானும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூப்பர் இன்பராஜ் அண்ணன் பித்தப்பைக் கல்லுக்கும் டயாலிசிஸுக்கும் நடுவில் உன்னை வாசித்தார். அப்பாவுக்கும் அங்கேதான் தெரிந்தது, ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். சபையில் உன்னோடு வளர்ந்த ஃபீபி மதியத்துக்குள் உனக்கு, உனக்காக ஜெபிக்கிறோம் என்று கைகூப்பும் படத்தோடு அனுப்பிவிட்டாள். எதற்கு என்று நீ கேட்டிருக்கிறாய், அவளும் சொல்லிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே, அவள் ஜெபிக்கத்தான் செய்தாள்.

கன்வென்ஷன் கூட்டங்களுக்காகச் சபை வாசலில் கட்டிய ஒலிபெருக்கியை இன்னும் யாரும் கழற்றவில்லை, ஆகையால் எதிரே டீக்கடை சர்தார் பாஷாவுக்கும் கேட்டது. லாரி இரைச்சலில் அவர் காதில் விழுந்தது உன் பெயர் மட்டும்தான். முன்னும் பின்னும் நோயாளிகள் என்பதால் உன்னையும் நோயாளி என்று முடிவு செய்துவிட்டார். மறுநாள் நான் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது, "பாப்பாவுக்கு தபியத் எப்படிம்மா இருக்குது? பேஜார் ஆவாத, நான் தொழுகையில கேட்டுக்குனுதான் இருக்கறேன்" என்றார். என்ன நோய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, என்னவென்று சொல்வது. அன்றிலிருந்து தினமும் கேட்கிறார். நம் சபையில் என்ன நடந்தது என்று எல்லாரும் கேட்டார்கள், உடம்பு எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பழுது இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி அடுத்த மேஜைக்குத் தள்ளுகிறேன். அந்த மேஜையில் சௌந்தரம் மெழுகும் சாயமும் வைத்துச் சரிசெய்வாள், முதலில் என் அம்புக்குறியைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் உன் விஷயத்தைச் சொல்லி அழுதேன். அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "பொண்ணு உன்கிட்ட சொன்னத நீ இன்னாத்துக்குக்கா மைக்குல போட்ட? எம் பையன் கோயிலுக்கு வர்றதில்ல. நான் அவன் பேர்ல அர்ச்சனதான் பண்றேன், தண்டோரா போடல" என்றாள். அவளுக்கு ஆறு வருடமாக மாதம் ஒரு சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்து வருகிறேன். படித்தாயா என்று அன்றுதான் முதல்முறை கேட்டேன். மேஜைக்குக் கீழே இருந்து மொத்தக் கட்டையும் எடுத்துக் காட்டினாள், ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள். "சாமி பேரு போட்ட காயிதம், கால்ல படக்கூடாதுல்ல. எழுத்துதான் தெரியல, கண்ணு மங்கிப்போச்சு" என்றாள். விரலால் தடவித் தடவித்தான் இவ்வளவு நாளும் வேலை செய்திருக்கிறாள். பக்கத்து மேஜையில் இருக்கும் எனக்கு அது தெரியாது, தோலில் மயிரிழைக் கீறல் இருந்தால் தெரியும். போன மாதம் ஒரு சனிக்கிழமை கண் முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், கண்ணாடி வந்துவிட்டது. வந்ததும் நான்கு கைப்பிரதிகளைப் படித்துவிட்டு, எல்லாத்துலயும் ஒரே விஷயம்தான் இருக்குதுக்கா என்றாள். நல்ல விஷயம்தான், அதற்காக ஆறு வருடம் வேண்டியதில்லை என்று எனக்கும் பட்டது.

பிறரை நியாயம் தீர்க்கக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் உனக்குப் பாடம் எடுத்தது நான்தான், ஒப்பித்ததற்கு உனக்குப் பென்சில் டப்பா பரிசு கொடுத்தேன், அது அலமாரியில் இருக்கிறது. நீ போகத் தோன்றவில்லை என்றபோது ஏன் என்று நான் கேட்கவில்லை, அம்புக்குறி ஒட்டிவிட்டேன். ஆண்டவர் பழுதானவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதாகத்தான் படித்திருக்கிறேன், பட்டியலை வாசலில் வாசித்ததாகப் படிக்கவில்லை. உன்னைப் பற்றிய கவலை போய்விட்டது என்று எழுத மாட்டேன். உனக்காக ஜெபிக்கிறேன், அவருக்கு மைக் வேண்டியதில்லை.

போன ஞாயிறுக்கு முன்பு இன்னொரு சீட்டு எழுதிப் போட்டேன். முதலில் ஒரு சகோதரி என்று எழுதினேன், பிறகு அதை அடித்துவிட்டு என் பெயரையே போட்டேன். மகள் நம்பிச் சொன்னதை ஊருக்குச் சொன்ன கிருபா சுந்தர்ராஜுக்காக ஜெபிக்கவும் என்று எழுதினேன். இன்பராஜ் அண்ணன் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார், வாசியுங்கள் என்று தலையாட்டினேன், வாசித்தார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்து அவரே வெங்காயம் உரித்தார். ஹெலன் அக்கா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, போன வருடம் மருமகளைப் பற்றித் தானும் ஒரு சீட்டு போட்டதாகச் சொன்னாள். மருமகள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். திங்கட்கிழமை சர்தார் பாஷா இஞ்சி தூக்கலாகப் போட்டு ஒரு டீயை நீட்டி, "இப்ப உனக்கும் முடியலயாம்மா?" என்றார். ஆமாம் பாய் என்றேன்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் வா. ஆராதனைக்கு வர வேண்டும் என்று இல்லை, அன்று காலையில் பிரியாணிக்கு அடுப்பைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். வர முடியாவிட்டால் போன் செய். சபைக்குப் போனாயா என்று கேட்க மாட்டேன். ஏன் போகத் தோன்றவில்லை என்று நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், அது என்னோடு இருக்கும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். வழக்கமாக இங்கே ஒரு வசனம் எழுதுவேன், இந்தத் தடவை இடத்தை விட்டிருக்கிறேன்.

பார்சலில் இருக்கும் கறுப்பு ஷூ உன் அளவுதான், போட்டுப் பார்த்துவிடு. ஏற்றுமதிக்கு ஆகாது என்று நானே ஒதுக்கிய ஜோடி, சௌந்தரம் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு சரிசெய்து கொடுத்தாள். பழுது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

உன் அம்மா,
கிருபா