புல் வெட்டும் மெஷின்

செவ்வாய்க்கிழமை, இரவு

மச்சான் செல்வத்தின் முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிந்தது. தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்ட நான் வாங்கிய மலிவு மெஷினின் பிளேடுதான். நான் வெட்டும்போது கிழட்டுத் தேயிலைத் தூரில் பட்டு உடைந்து, பக்கத்து நிரையில் நின்றவனின் காலைக் கிழித்துவிட்டது. கம்பளியால் கட்டித் தூக்கினோம். அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேரே கொட்டகலையில் மெஷின் வாங்கிய கடைக்குப் போனேன்.

கடைக்கார நானாவின் சட்டையைப் பிடித்து அலுமாரியில் மோதினேன். ஆணி டப்பாக்கள் சிதறின.

"குப்பைய வித்து மனுசனைக் கொல்லப் பாக்குறியா?"

அவர் உதட்டில் ரத்தம். திருப்பி அடிக்கவில்லை.

"இது புல்லு வெட்டுற மெஷின், பல்லு வச்ச பிளேடைப் போட்டுத் தேயிலையில வைக்காதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்தானே தம்பி?"

சொன்னார். கவ்வாத்து மெஷினையும் எடுத்துக் காட்டினார். விலையைக் கேட்டதும் நான்தான் இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எல்லாம் ஞாபகம் வந்தது. அதற்காகவே கன்னத்தில் ஓர் அறை விட்டேன்.

வீட்டுக்கு வந்து மெஷினைக் கோடரியால் பிளந்தேன்.

பிளேடு ஏன் உடைந்தது என்று நாளை செல்வம் கேட்பான். நானாவை அடித்ததைச் சொல்வேன். அவர் சொன்னதைச் சொல்ல மாட்டேன்.