ஜீப்பு கழுவிய தண்ணீரும் அம்மாவின் கிரைண்டரும்

என் ஜீப்புக்கார அப்பாவுக்கு,

அம்மா உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். நேரில் கேட்டிருந்தால் நீங்களே மயங்கி விழுந்திருப்பீர்கள். அதனால் எழுத்தில் அனுப்புகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

பங்குனி வெயில் ஏறியதிலிருந்து, கிரைண்டரைத் தொட்டால் அம்மாவுக்கு விரலில் சுருக்கென்றது. பெரிய வலியில்லை, கட்டெறும்பு கடித்த மாதிரிதான். நான் பதறினேன். அம்மாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"பயப்படாதடி, உங்கப்பாதான். மாவாட்டையில வந்து இடுப்புல கிள்ளுவாருல்ல, போயும் அந்தப் புத்தி போகல."

பெற்ற மகளிடம் சொல்கிற பேச்சா இது? ஆள் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்கும் விடவில்லை. "அத ரிப்பேரு பண்ணி அவரையும் வெரட்டி விடப்போறியாக்கும்" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இன்றைக்குச் சுருக்கென்பது, நாளை ஈரக்கையோடு தொட்டால் சும்மா விடுமா? ஆவணியில்தான் உங்களைப் பறிகொடுத்தோம். ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்பா.

அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து வயரிங் வேலை செய்யும் பாண்டியண்ணனை வரச் சொன்னேன். அவர் முதலில் உருவியது உங்கள் ஃபியூஸ் கட்டையை. பழைய ஜீப்பு ஒயரிலிருந்து உரித்த செம்புக் கம்பியை மூன்று புரியாக முறுக்கி மாட்டியிருந்தீர்களே, அதேதான். "நம்ம வீட்ல ஃபியூஸ் போனதே இல்ல" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

"எப்பிடிம்மா போகும்?" என்று பாண்டியண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "கிரைண்டரு, இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் ஹீட்டரு அம்புட்டும் ஒரே லைன்ல. லோடு ஏறுனா மெல்லிசுக் கம்பி மொதல்ல உருகி, கரண்ட நிறுத்தணும். இந்தத் தடிக் கம்பி உருகாது. செவுத்துக்குள்ள ஒயருதான் உருகிப் பத்தும்."

ஜீப்பில் பதினைந்து பேரை ஏற்றிவிட்டு "இன்னும் ரெண்டு பேரு தாங்கும்" என்பீர்களே, வீட்டையும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறீர்கள்!

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். விபூதித் தட்டைக்கூடக் கீழே வைக்காமல் கிரைண்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். பாண்டியண்ணன் ஃபியூஸ் கட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு, டெஸ்டரைக் கிரைண்டரின் உடம்பில் வைத்தார். மினுக்கென்று எரிந்தது. "எர்த் குழி எங்க இருக்கு ஆத்தா?" என்றார்.

கொல்லையில், முருங்கை மரத்தடியில். நீங்கள் ஜீப்பு நிறுத்துகிற இடம். தையில் ஜீப்பை விற்றுவிட்டோம் என்று சொன்னால் வருத்தப்படுவீர்களோ? குழி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவர் நாலு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, கொஞ்சம் பொறுத்து வந்து டெஸ்டரை வைத்தார். எரியவில்லை.

"மோட்டாருல கசிவு ரொம்ப நாளாவே இருந்திருக்கு ஆத்தா. மண்ணு ஈரமா இருந்தவரைக்கும் அது எர்த் கம்பி வழியா எறங்கிப் போயிருக்கு. மண்ணு காஞ்சதும் ஒங்க கையப் பிடிச்சிருக்கு. முன்னாடி இங்க யாரு தண்ணி ஊத்துனது?"

யாரும் ஊற்றவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் அங்கே நின்று ஜீப்பைக் கழுவினீர்கள். தெரிந்துதான் அந்த இடத்தில் கழுவினீர்களா, இல்லை முருங்கை நிழலுக்காகவா?

அம்மா விபூதித் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப அவரு வந்து சீண்டல. அவரு இல்லாததுதான் சீண்டியிருக்கு" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். "வாராவாரம் தண்ணிய வீணாக்குறீகன்னு அந்த மனுசன எம்புட்டு வஞ்சேன்! தெரியாமப் பேசிட்டேன்னு சொல்லுடி." சொல்லிவிட்டேன் அப்பா. மன்னித்துவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது என்று பாண்டியண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மோட்டாரைச் சரி செய்து, புது எர்த் போட்டார். ஹீட்டருக்கும் கிரைண்டருக்கும் தனித்தனி லைன் இழுத்தார். உங்கள் செம்புக் கம்பி இருந்த இடத்தில் இப்போது லோடு மிஞ்சினால் விழுகிற சுவிட்சுகள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு டிரிப்பர். அதன் சோலி என்ன என்று அம்மா கேட்டபோது அவர் சொன்னார்: "போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கும் ஆத்தா. துளி கொறஞ்சாலும், யாரு மேலயோ பாயுதுன்னு கண்ணிமைக்கையில நிறுத்திரும்."

எனக்குச் சட்டென்று குரங்கணி அடிவாரம் கண்ணில் வந்தது. காலையில் ஏலக்காய் எடுக்க ஏற்றிப்போன ஆட்களைச் சாயங்காலம் தலை எண்ணாமல் நீங்கள் ஜீப்பைக் கிளப்பியதே இல்லை. ஒரு தலை குறைந்தால் மழையானாலும் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நிற்பீர்கள். லோடு விஷயத்தில் நீங்கள் மோசம்தான் அப்பா. ஆனால் ஒரு ஆளைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை.

மாதம் ஒருமுறை அந்த டிரிப்பரில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். டக்கென்று விழுந்தால் நல்லபடியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். முதல் தடவை அம்மாவே ஸ்டூல் போட்டு ஏறி அழுத்தினாள். டக். ஃபேன் நின்று வீடே அமைதியானது. அந்த அமைதியில் கூரையைப் பார்த்து, உங்களுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னாள்: "தலை எண்ணியாச்சுங்க. எல்லாரும் இருக்கோம்."

மாதா மாதம் எண்ணுவோம் அப்பா. வெள்ளிக்கிழமை தவறாமல் முருங்கையடியில் தண்ணீரும் ஊற்றுவேன். இது சத்தியம்.

உங்கள் ஜீப்பின் முன்சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காத,
உங்கள் மகள்
செல்வி