சாம்பல் நிறப் பொத்தான்

ஜூன் 3, செவ்வாய்

இல்லறப் பேரவைக்காரர்களுக்காக எங்கள் ஆபீஸ் செய்த இணையதளம் இன்று முடிந்தது. தாய்மார்கள் வேலையை விட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. வேலை வேலைதானே என்று செய்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

உறுதிமொழிப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். பச்சையில், பெரிதாக: "உறுதி எடுக்கிறேன்". கீழே சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் மறுப்பு; உறுதி எடுக்காதவர்கள் அதை அமுக்கினால்தான் பக்கம் மூடும். வெறும் "வேண்டாம்" போதாது என்றார் முதலாளி சஹீர் சார். "அமுத்தறதுக்குக் கை கூசோணும், அம்மணி."

ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன்: "என் குழந்தையைவிட எனக்குச் சம்பளமே பெரிது."

சார் சிரித்தார். "இத்தனை புஸ்தகம் படிச்சது வீண் போகலீங்க."

பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 5, வியாழன்

"இப்போது உங்களுடன் 312 பேர் படிக்கிறார்கள்." உறுதிமொழிப் பக்கத்தின் மேலே வரும் அந்த எண் தானாகவே கூடிக் குறையும்படி செய்திருக்கிறோம். அந்த நேரத்தில் தளத்தில் இருந்தது நான் ஒருத்திதான்.

ஜூன் 14, சனி

அந்தத் தளம் முடிந்ததிலிருந்து, படிக்க எடுத்த எந்தப் புத்தகத்திலும் பத்துப் பக்கம் தாண்டவில்லை. ஏனென்று தெரியவில்லை — தெரியாதா?

ஜூன் 19, வியாழன்

அண்ணி புவனா பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் ஏழு வருடமாக இருக்கிறாள். அடுத்த மாதம் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்று சாப்பிடும்போது சொல்கிறாள், திங்கட்கிழமை வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கப் போகிறாளாம்.

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நானொண்ணும் சொல்லல. அப்பறம் என்ற மேல பழி போடக்கூடாது."

"உங்கள யாருங்க கேட்டாங்க?" என்றுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "குரூப்புல ஒரு லிங்க் வந்துச்சு கண்ணு. சும்மா பாத்துப்போட்டு மூடலாம்னுதான் போனேன். மூடோணும்னா, குழந்தையவிடச் சம்பளம் பெருசுன்னு அமுத்தச் சொல்லுது. பாப்பாவ மடியில வெச்சுக்கிட்டு அத எப்படி அமுத்தறது? மூணு நாளா அதேதான் மனசுல ஓடுது. என்னையாட்டம் முந்நூறு பேரு படிச்சிட்டிருக்காங்க. அத்தனை பேருமா முட்டாளு?"



ஜூன் 20, வெள்ளி

அதை எழுதியது நான்தான் என்று அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த வரியை மாற்றலாமா என்று சாரிடம் கேட்டேன். "ஏனுங்க, அதுலதான கூட்டமே சேருது?"

அண்ணி தானாகவே விரும்பி வேலையை விட்டால் அது அவள் முடிவு. இது அப்படியில்லை. என் வாக்கியம் அவள் வாயிலிருந்து வருகிறது.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"ஆமாங்க அண்ணி."

"அந்த முந்நூறு பேரு?"

"யாருமில்லைங்க."

ஈரச் சேலையின் மறுமுனையைப் பிடிக்கப் போனேன். தானே இழுத்து உதறிக்கொண்டாள்.

"என்னைய நெனச்சா எழுதுன?"

"இல்லைங்க அண்ணி. சத்தியமா."

"அப்பறம் யார நெனச்சு?"



ஜூன் 24, செவ்வாய்

அந்த வரி தளத்தில் அப்படியேதான் இருக்கிறது. பேரவையிடம் ஒப்படைத்தாயிற்று, இனி நாம் கை வைக்க முடியாது என்கிறார் சார்.

ஜூன் 30, திங்கள்

அண்ணி எழுதிக் கொடுக்கவில்லை. இன்றும் ஏழரை பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் போன பிறகு, நான் ஆபீஸ் கிளம்பும்வரை பாப்பா என்னிடம்தான் இருப்பாள். இரண்டு வருடப் பழக்கம். ஒரு வாரமாக அண்ணி அவளை அடுத்த வீட்டுச் சின்னாத்தாளக்காவிடம் விட்டுவிட்டுப் போகிறாள். பாப்பா அங்கே சிரிப்பது சுவர் வழியே கேட்கிறது.