ஹோல்டில் கிடந்த பாட்டு

ஜனவரி 14

காலைச் சவாரி முடித்துப் பள்ளிப் பேருந்தை ஷெட்டில் நிறுத்திவிட்டு நேராக டூயி வீட்டுக்குப் போனேன். செவ்வாய் என்றால் நாங்கள் இருவரும் பாட்டு எழுதும் நாள். கன்ட்ரி பாட்டுக்குப் பேர்போன இந்த நாஷ்வில்லில் எங்களைப் போல் எழுதுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர். பனி சுரண்டும் பாட்டு இன்று முடிந்தது. பெண்டாட்டி எழுவதற்குள் அவள் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்குப் போகும் புருஷன். என் வீட்டு ராய்ஸ்தான், வேறு யார்?

அவரிடம் சொன்னேன். "கன்ட்ரி பாட்டுங்கற, லாரி இல்ல, நாய் இல்ல, விஸ்கி இல்ல. எவன்டி பாடுவான் இத?" என்றார். காது மட்டும் சிவந்துவிட்டது.

பிப்ரவரி 20

மார்லா கூப்பிட்டாள். எங்கள் பாட்டுகளைப் பாடகர்களிடம் கொண்டுபோய்க் கேட்கவைப்பது அவள் வேலை. பனிப் பாட்டுக்குக் கோல்பி ரேன்ஸ் ஹோல்டு போட்டிருக்கிறாராம். கோல்பி ரேன்ஸ்! பெட்ரோல் பங்க் காபிக் கோப்பையில்கூட அவர் மூஞ்சிதான். அவர் முடிவு சொல்லும்வரை வேறு பாடகருக்குக் கொடுக்கக் கூடாது, நாங்களும் மேடையில் பாடக் கூடாது. இத்தனை வருஷத்தில் எங்கள் பாட்டு ஒன்றுகூட ரேடியோவில் வந்ததில்லை. இன்று பாத்திரம் கழுவும்போது சும்மாவே சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 3

ஹோல்டு. இன்னும் ஹோல்டு.

மே 27

டூயிக்குத் தொண்டையில் கட்டி. அடுத்த மாதம் ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லையாம், பாடும் குரல் மிஞ்சுமா என்பதை மட்டும் டாக்டரால் சொல்ல முடியவில்லை. மனுஷன் சோள ரொட்டியை மோரில் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொல்கிறார். தட்டைத் தள்ளிவைத்தது நான்தான்.

ஜூன் 5

டூயி கேட்டேவிட்டார்.

"கத்தி வைக்கறதுக்கு முன்னால அந்தப் பாட்ட ஒரு தடவ பாடிரணும் புள்ள. நாலு பேரு முன்னால."

அடுத்த வியாழன் மாலை எங்கள் முறை இருக்கிறது, எழுதுகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொன்றாகப் பாடும் அந்தச் சின்ன இடத்தில். மார்லாவிடம் கேட்டேன். "அக்கா, எவனாவது போன்ல எடுத்துப் போட்டுட்டா கோல்பி ஆளுங்க பாட்டே வேண்டாம்னு விட்டுருவாங்க. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

நீ வேண்டாம் என்றால் வேண்டாம் என்கிறார் டூயி. என் தலையில் கட்டிவிட்டார் கிழவர். கோபம் கோபமாக வருகிறது — யார் மேல்? காருல போறப்ப நம்ம பாட்டு ரேடியோல வரணும்னு நெனச்சு நெனச்சே பாதி ஆயுசு போயிருச்சு எனக்கு. அவருக்கும்தானே அப்படி?

ஜூன் 6

பாடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 12

பாடினார். நான் பக்கத்தில் கிடார் வாசித்தேன். ராய்ஸ் கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், உட்காரவே இல்லை. முன் மேசையில் ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பார்த்தேன். பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

ஜூன் 24

ஆபரேஷன் முடிந்தது. கெட்ட கட்டி இல்லை. வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு.

மார்லாவும் இன்றே கூப்பிட்டாள். வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது, கோல்பி ஆட்கள் பாட்டை விட்டுவிட்டார்கள். கழிவறையில் போய் அழுதேன். ஆனால் திரும்பக் கேட்டாலும் பாடுங்கள் என்றுதான் சொல்லுவேன்.

செப்டம்பர் 9

டூயிக்குக் குரல் வந்திருக்கிறது. மணல்தாள் தேய்ப்பது போல. பாட ஆகாது, சண்டை போட ஆகும். புதுப் பாட்டின் இரண்டாவது வரி நீளம் என்று ஒரு மணி நேரம் என்னோடு மல்லுக்கு நின்றார். எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

அக்டோபர் 16

கென்டக்கிப் பெண் ஒருத்தி, டெல்லா கூம்ஸ், அந்த வீடியோவைக் கேட்டுக் கேட்டே பாட்டைக் கற்றுக்கொண்டுவிட்டாளாம். ஹோல்டு கீல்டு ஒன்றும் இல்லை, நேராக ஸ்டூடியோ என்கிறாள் மார்லா. "அப்ப இனிமே வெயில் காலத்துலயும் சுரண்டணுமா நான்?" என்கிறார் ராய்ஸ்.

டிசம்பர் 4

பதிவுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். டெல்லா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கடைசி வரி வந்ததும் மெட்டை விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வது போல மெல்லப் பேசி முடித்தாள். எனக்குத் திக்கென்றது. அந்த வரிக்கு நாங்கள் போட்டது உச்சிக்கு ஏறும் மெட்டு. அன்று மேடையில் டூயிக்கு அந்த உச்சிவரை குரல் ஏறவில்லை, அதனால்தான் பேசிச் சமாளித்தார்.

வெளியே வந்து எங்களிடமே கேட்டாள்: "கடைசி வரியப் பேசணும்னுதானே எழுதினீங்க?"

நான் வாயைத் திறந்தேன். டூயி முந்திக்கொண்டார்.

"ஆமாம்மா. அப்படித்தான் எழுதினோம்."

அந்த மணல்தாள் குரலில், கண்ணெல்லாம் நனைந்திருக்க, கூசாமல் சொல்கிறார். நானும் தலையை ஆட்டினேன். அவள் உள்ளே போய் இன்னொரு முறை பாடினாள், அதேபோலப் பேசி முடித்தாள்.