பிடி அரிசிப் பை என்னிடம்தான் இருக்கிறது

என் பிரியமான எஸ்தர் அக்காவுக்கு,

பசியே இல்லாத இடத்துக்குப் போய்விட்ட உங்களுக்கு அரிசிச் சேதி சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். இதை உங்களிடம் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

நீங்கள் போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். ஆனால் உள்ளே போகவில்லை, செருப்பு விடும் இடத்திலேயே நின்றுவிட்டேன். நான் குடியாத்தத்துத் தறிக்கார வீட்டுப் பெண். ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டு, பக்கத்து வீட்டு அக்கா நீங்கள் கூப்பிட்டீர்களே என்று ஆராதனைக்கு வந்தவள். வேதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க நானாகவே பழகி, ஞானஸ்நானமும் எடுத்தாயிற்று. ஆனாலும் சபையில் என் பெயர் "எஸ்தர் கூட வர்றவங்க" என்பதுதான். நீங்களே இல்லையென்றால் நான் யார் கூட வந்தவள்? எந்த பெஞ்சில் உட்காருவது?

அப்போதுதான் உங்கள் நாத்தனார் ஜெயராணி அக்கா வெளியே வந்தார்கள்.

"இன்னா வசந்தா, செருப்புக்குக் காவலா?"

கையில் உங்கள் பை. அதே நீலத் துணி, நீங்கள் ஷூ கம்பெனித் தையல் போலவே இரட்டையாய்த் தைத்த விளிம்பு.

"இந்தா புடி. உங்க தெருவுக்கு இனிமே நீதான்."

"நானாக்கா? பரம்பரையா சபைல இருக்கறவங்க யாராச்சும்…"

"பரம்பரைய வெச்சா அரிசி வாங்கப் போற? புடிடீ."

பிடித்தேன். உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டு வைப்பது நம் சபைப் பெண்களின் வழக்கமாயிற்றே. மாதம் ஒருமுறை அந்தப் பையோடு வீடு வீடாய்ப் போனேன். "பைக்குள்ள எட்டிப் பாக்காத, யார் எவ்ளோ போட்டாங்கன்னு உனக்கு எதுக்கு?" என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. சேர்ந்ததை எல்லாம் கோயிலுக்குப் பின்னால் அண்டாவில் கொட்டிக் கலந்து, சிரமத்தில் இருக்கும் வீடுகளுக்குக் கொடுத்தோம். தெருவில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், அக்கா.

அப்புறம்தான் என் வீட்டுக்காரர் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் ஆர்டர் நின்றுபோனது. காலையில் தெருமுனைக்கு வரும் கம்பெனி வேன் வரவில்லை. ஒரு வாரம் என்றார்கள், அது நீண்டுகொண்டே போனது. என் வீட்டுக் கணக்கு உங்களுக்குத் தெரியுமே, தீப்பெட்டி வாங்கினாலும் எழுதி வைப்பேன். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் உலைக்கே அரிசி பற்றவில்லை. டப்பாவுக்கு எங்கே போவது?

பையை மடித்து எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அதைக் கொடுத்துவிட்டு அப்படியே ஒதுங்கிவிடலாம் என்றுதான் போனேன். ஜெயராணி அக்கா அண்டா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பைய வேற யாருக்காச்சும் குடுத்துடுங்கக்கா. எங்க வீட்லயே போட ஒண்ணும் இல்ல. நான் போய் யார் வாசல்ல நிக்கறது?"

அவர்கள் நிமிரக்கூட இல்லை. என் கையிலிருந்த பையைப் பிடுங்கி, அண்டாவிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டு, வாயைக் கட்டினார்கள்.

"மொதல்ல உன் வாசல்ல போய் நில்லு."

"வேணாங்க்கா. குடுத்த கையால எப்படி வாங்கறது?"

"பேஜார் பண்ணாதடீ. இதுல நீ போட்ட அரிசி எதுன்னு பொறுக்கித் தனியா வெச்சுட்டுப் போ. மீதிய நான் வெச்சுக்கறேன்."

அண்டாவைப் பார்த்தேன். ரேஷன் புழுங்கல், கடைப் பொன்னி, பச்சரிசி, யாரோ பிரியாணிக்கு வாங்கியதில் எடுத்துப் போட்ட சீரகச் சம்பா எல்லாம் ஒன்றாய்க் கிடந்தது. என்னத்தைப் பொறுக்குவது?

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். எத்தனை வருடமாய்ச் சமைக்கிறேன், அன்று சோறு எனக்கு அடங்கவில்லை. பச்சரிசி குழைந்தது, புழுங்கல் வேகவே இல்லை. வடித்துத் தட்டில் போட்டு ஒரு வாய் வைத்தேன். அக்கா, இது எனக்குத் தெரிந்த சோறு. உங்கள் வீட்டில் சாப்பிட்ட சோறு.

உங்கள் வீட்டில் மாமா படுக்கையில் கிடந்தபோது பார்க்க வந்த என்னை விடாமல் உட்கார வைத்துப் போட்டீர்களே. "இன்னாக்கா, உங்களுக்குச் சோறு வடிக்கவே வராதா? பாதி கொழகொழன்னு, பாதி நறுக்கு நறுக்குன்னு" என்று எவ்வளவு கிண்டல் செய்தேன்!

"ஷூ தைக்கறவகிட்ட சோறு கேட்டா இப்படித்தான் வரும். ஊறுகா வெச்சுத் தின்னு. இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி போட்டுக்க" என்றீர்கள்.

அப்போதும் அந்தப் பை உங்கள் தோளில்தான் இருந்தது. தெருவெல்லாம் வாங்கி வந்து கொடுத்தது நீங்கள். அதிலிருந்தே வாங்கிச் சாப்பிட்டதும் நீங்கள். அந்தச் சோற்றிலும் எனக்கு ஒரு பங்கு போட்டிருக்கிறீர்கள். ருசி தெரிந்துவிடக் கூடாது என்றுதான் ஊறுகாயை என் பக்கம் தள்ளினீர்களா?

தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவர் பயந்துபோய், "இன்னா ஆச்சு உனக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்ல. எஸ்தர் அக்கா கைப்பக்குவம் எனக்கும் வந்துடுச்சு."

அந்த ஞாயிறு நேராக உள்ளே போய், நம் பெஞ்சில், நீங்கள் உட்காரும் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தேன். யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது வேன் மறுபடி வருகிறது. அவர் வேலைக்குப் போகிறார். டப்பாவில் பிடி விழுகிறது. நோட்டில் அதை மட்டும் எழுதுவதில்லை. சில நாள் கை தானாகவே இரண்டாம் தடவை போகிறது, நான் தடுப்பதில்லை.

இன்னொரு சேதி. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை கிடைத்து, ஆலங்காயத்திலிருந்து ஒரு குடும்பம் உங்கள் வீட்டுக்குக் குடி வந்திருக்கிறது. அந்தப் பெண் பெயர் செல்வி. போன ஞாயிறு கோயில் வாசலில் தயங்கி நின்றாள். "இன்னா, செருப்புக்குக் காவலா?" என்று கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

ஒரு வாக்கு கொடுக்கிறேன், அக்கா. செல்வி வீட்டுச் சோறு என்றைக்காவது பாதி குழைந்து பாதி விறைத்து இருந்தால், ஏன் என்று கேட்க மாட்டேன். ஊறுகாய் கேட்டு வாங்கி, நன்றாய்த் தின்பேன். எழும்போது பையை அவள் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த மாதம் தெருவுக்கு என் கூட வா என்று சொல்லிவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
எஸ்தர் கூட வர்றவ,
உங்கள் தங்கச்சி வசந்தா