ஷமீமும் நானும் நெட்டில் படித்த பாடம்

என் செல்லத் தங்கச்சி ஷமீமுக்கு,

ஜெயித்துவிட்டோம்டி! இதைச் சொல்ல உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஓசூர் கம்பெனியில், உதிரிபாகங்களின் அளவு பார்க்கிற பிரிவில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேஜை. இருவருக்கும் டிப்ளமோதான். பர்கூர் இன்ஜினியரிங் காலேஜில் சீட் கிடைத்தும் வீட்டில் உன்னை அனுப்பவில்லை. அந்த வருத்தத்தை நீ வெளியே காட்டியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து போன் பண்ணினாய். "அக்கா, உடனே வாங்க! அமெரிக்காவுல ஒரு பெரிய யுனிவர்சிட்டி, பாடம் மொத்தத்தையும் நெட்டுல போட்டிருக்கு. யாரு வேணா படிக்கலாமாம். மார்க் கேக்கல, பேருகூட கேக்கல!"

"சும்மா யாராச்சும் குடுப்பாங்களா?" என்றேன். வந்து பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அதிலிருந்து ஞாயிறெல்லாம் அங்கேதான். நீ ஆங்கிலத்தை வாசிப்பாய், நான் கணக்குப் போடுவேன். உலோகம் ஏன் களைத்துப்போய் உடைகிறது என்ற பாடத்தில் பாதி முடித்திருந்தோம். அப்போதுதான் மூளைக்காய்ச்சல் நான்கே நாளில் உன்னைக் கொண்டுபோனது. இருபத்தாறு சாகிற வயதா?

ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒருநாள் கோபத்தோடு போய் உட்கார்ந்தேன். மீதியை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு தனியாகப் படித்து முடித்தேன்.

போன மாதம் புது ஷாஃப்ட், அந்தச் சுழலும் தண்டு, சோதனையில் உடைந்துகொண்டே இருந்தது. இரும்பு சரியில்லை என்றார்கள் இன்ஜினியர்கள். துண்டுகளைப் பார்த்தேன். எல்லாமே தடிமன் குறைகிற அதே மூலையில்தான் உடைந்திருந்தன. மீட்டிங்கில் எழுந்து நின்றேன்.

"சார், இரும்பு நல்லாத்தான் இருக்கு. இந்த மூலை ரொம்பக் கூரா இருக்கு, பாரமெல்லாம் இங்கதான் குவியுது. கொஞ்சம் வளைவா கடைஞ்சு பாக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. கடைந்து பார்த்தார்கள். இன்று காலை சோதனை முடிந்தது. ஒன்றுகூட உடையவில்லை!

"எந்தக் காலேஜும்மா நீ?" என்றார் மேனேஜர்.

"நானும் ஷமீமும் நெட்டுல படிச்சோம் சார்." உன் பெயரைச் சத்தமாகவே சொன்னேன்.

இப்போது நம் நாட்டுப் பேராசிரியர்களின் பாடங்களும் வீடியோவாகவே வருகின்றன, தெரியுமா? நம் கம்பெனிப் பெண்கள் ஏழு பேர் என்னோடு உட்காருகிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம்தான் தடை. அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: அந்தப் பாடத்தைத் தமிழில் எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்க நெட்டில் போடுவேன். எழுதியவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர் இருக்கும்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
செல்வி