எரிந்த வீடுகளில் ஒன்று

ஜெலுத்தோங், பினாங்கு
ஜூலை 28

ஸ்டெஃபனி அப்பாவுக்கு,

உங்கள் ஜூலியானா அன்போடு எழுதுவது. அம்மா நலம். இடுப்பு அறுவைக்குப் பிறகு இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடக்கிறார். நேற்று தானே தேநீர் கலக்குவேன் என்று அடம்பிடித்துப் பாதியைத் தரையில் கொட்டிவிட்டார். என்னைவிட உங்களைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. “கனடாவுல காட்டுத் தீன்னு டிவியில காட்டுறான், மாப்பிள்ளை சாப்பிட்டாரான்னு கேளு” என்று தினமும் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பீட்டர் அண்ணன் எங்களைப் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு அழைத்துப் போனார். திரும்பும் வழியில் ஜுருவில் நிறுத்தினார். நீங்கள் முதன்முதலாகக் கார் கழுவிய அந்தக் கார் விற்பனைக் கடையில் புவனேஸ்வரன் அண்ணன் இன்னும் இருக்கிறார். நீங்கள் கனடாவில் சொந்தமாகக் கார் கடை வைத்ததே அவருக்கு அதிசயம், மேயர் என்றதும் நம்பவே இல்லை. “கார் விக்கிறப்பவே பொய் சொல்லத் தெரியாத ஆளு. அரசியல்ல எப்படி லா பொழைக்கிறாரு?” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரமாக என்னிடம் பொய் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

இந்தக் கடிதம் நகர மன்ற முகவரிக்கு வந்ததைப் பார்த்ததும் உங்களுக்குப் புரிந்திருக்கும். நம் வீடு இப்போது இல்லை என்று எனக்குத் தெரியும். ஸ்டெஃபனி சொல்லிவிட்டாள். பிள்ளையைக் கோபிக்காதீர்கள், நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். எப்போது வீடியோவில் வந்தாலும் பின்னால் ஆபீஸ் சுவரே தெரிந்தால் எந்தப் பெண்டாட்டிக்குச் சந்தேகம் வராது?

முழுவதும் சொன்னாள். தீ நெருங்கியதும் ஊரைக் காலி செய்யச் சொன்னது நீங்கள்தான். ஆற்றோர அடுக்குமாடியில் இருக்கும் மர ஆலைத் தொழிலாளர்களிடமும் வயதானவர்களிடமும் கார் இல்லை, பேருந்து வர நேரமாகும் என்றதும் நம் கடையைத் திறந்து எல்லாச் சாவிகளையும் எடுத்துக் கொடுத்தீர்கள். ஓட்டத் தெரியாதவர்களை ஓட்டத் தெரிந்தவர்களோடு ஏற்றிவிட்டீர்கள். அந்த நேரத்தில்தான் நம் மேட்டுத் தெரு எரிந்தது. கடையிலிருந்து நம் வீடு கூப்பிடு தூரம். நீங்கள் போகவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கோயில் பாடற்குழுவில் என் அப்பா வாசித்த வயலின் அங்கேதானே இருந்தது? ஓர் எட்டு போய் எடுத்திருக்கக் கூடாதா என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். போன வாரம் இரண்டு நாள் உங்கள் அழைப்பை எடுக்காமல் இருந்தது அதனால்தான். போன் கெட்டுவிட்டது என்றேனே, அது என் பங்குப் பொய்.

பிறகுதான் தீக்குப் பின் நடந்த ஊர்க் கூட்டத்தைப் பற்றி ஸ்டெஃபனி சொன்னாள். எங்கள் வீடு எரியும்போது உன் கார்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாய், பதவியை விட்டுப் போ என்று மேட்டுத் தெருக்காரர் ஒருவர் கத்தினாராம். எங்கிருந்து வந்தாயோ அங்கேயே போ என்றாராம் இன்னொருவர். நம் வீடும் போனதை ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டதற்கு, “சொன்னா எனக்காகப் பாவப்படுவாங்கம்மா. அப்புறம் அவங்க கோவத்தை எங்க கொண்டு போயி வைப்பாங்க?” என்றீர்களாம்.

வயலினை நினைத்தால் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் மேல் கோபம் இல்லை.

பதவியை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறீர்களாம். அது உங்கள் முடிவு. விட்டுவிட்டு இங்கே வந்தாலும் பீட்டர் அண்ணன் மாடி அறையைத் தருவதாகச் சொல்கிறார். வெட்கப்பட்டு மட்டும் பதவியை விடாதீர்கள். கொடுத்த கார்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டனவாமே. ஒன்றில் யாரோ குழந்தை இருக்கையைக் கழற்ற மறந்துவிட்டார்களாம். அந்தக் குழந்தையையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

ஆகஸ்டில் மாதா விண்ணேற்புத் திருநாள் முடிந்ததும் நான் புறப்படுகிறேன். அம்மாவை அண்ணன் பார்த்துக்கொள்வார். வாடகைக்கு ஏதாவது பார்த்து வையுங்கள், ஓர் அறை போதும். வந்ததும் மேட்டுத் தெருக்காரர்களுக்குச் சோறாக்கிக் கொண்டுபோக வேண்டும். திட்டினாலும் அவர்கள் நம் அக்கம்பக்கத்தார். அன்று நானும் உங்கள் பக்கத்தில் நிற்கிறேன்.

அவர்கள் முன்னால் நீங்கள் அழ வேண்டாம். மேயர் அழக் கூடாது என்று நினைக்கிறீர்கள், சரி. நான் உங்களுக்கு ஓட்டுப் போடுவதற்கு முன்பே உங்களைக் கட்டிக்கொண்டவள். கடிதம் கிடைத்ததும் கூப்பிடுங்கள். பேச்சே வராவிட்டாலும் பரவாயில்லை, நான் போனை வைக்க மாட்டேன்.

மாதா உங்களுக்கு நல்ல உறக்கத்தைத் தரட்டும்.

என்றும் உங்கள்
ஜூலியானா